சொட்டு ஒழுகல் இல்லை, கூலன்ட் மட்டும் காணோம்

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மீட்டரில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்பே கார் எனக்குச் சொல்லிவிட்டது. ஒருநாள் கண்ணாடி துடைக்கும் தண்ணீர் ஊற்றப் போனட்டைத் திறந்தபோது, கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) டேங்கில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது. அரை லிட்டர் குழாய்த் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டேன். அடுத்த மாதமும் அதே கதை, அதே அரை லிட்டர். மூடிய சுற்றில் ஓடுகிற கூலன்ட் தானாகக் குறையாது, குறைகிறதென்றால் எங்கேயோ போகிறது என்பது தெரியாதவன் இல்லை நான். சோம்பல்தான்.

அதற்கான தண்டனை ஒரு மலைப்பாதையில் கிடைத்தது. காரில் ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், ஏசி வேறு. இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது, வருடக்கணக்கில் நட்டநடுவில் நின்ற முள் மெதுவாக மேலே நகர ஆரம்பித்தது. ஏசியை அணைத்தேன். ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, ப்ளோயரையும் முழு வேகத்தில் வைத்தேன். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள் இழுத்து வெளியேற்றுகிற பழைய தந்திரம். ஆனால் வந்தது குளிர்ந்த காற்று. முள் ஏறியதைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இன்ஜின் கொதிக்கிறது, ஹீட்டரில் சூடு இல்லை என்றால், ஹீட்டர் வரை போய்ச் சேர சுற்றில் கூலன்டே இல்லை என்று அர்த்தம். அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி நிறுத்தினேன்.

கூட வந்தவர்களில் ஒருவர் உடனே டேங்க் மூடியைத் திறக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அந்த மூடி வெறும் மூடி இல்லை, ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும் வால்வு. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், 1 பார் கூடுதல் அழுத்தத்தில் 120 வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை இன்னும் கொஞ்சம் மேலே தாங்கும். 110-ல் அமைதியாக இருக்கும் அந்தத் திரவம், மூடி திரும்பி அழுத்தம் போன நொடியே மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிறது என்ற நிலை வந்த பிறகு, துணி போர்த்தி, கால் சுற்று மட்டும் திருப்பி, சீறல் அடங்கியதும் திறந்தேன். சுமார் ஒன்றரை லிட்டர் குடித்தது. மொத்தக் கொள்ளளவே ஆறு லிட்டர்தான்.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக ஓ.பி.டி. சாக்கெட்டில் (காரின் கணினி தரும் எண்களைப் படிக்கும் இணைப்பு) செருகுகிற ஒரு ரீடர் வாங்கினேன். டாஷ்போர்டு முள்ளை நம்பக் கூடாது என்பதை அது இரண்டே நாளில் காட்டிக்கொடுத்தது. உண்மையான சூடு 80-லிருந்து 100 தாண்டும் வரை, என் காரில் முள் நடுவை விட்டு அசையவே இல்லை. ஓட்டுபவர் பதறக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பல கார்களில் இதே கதைதான். முள் நகர்வதைப் பார்க்கிறோம் என்றால் விஷயம் ஏற்கெனவே முற்றிவிட்டது.

ரீடர் சொன்ன எண்கள் இவை. நெரிசலில் 88 முதல் 92. சும்மா நிறுத்தி ஓடவிட்டால் மெதுவாக 97-க்குப் போகும், ஃபேன் போடும், இறங்கும். நேரான சாலையில் 90. மேடு ஏறினால் மட்டும் 104, 106 என்று போய்க்கொண்டே இருக்கும். இதிலேயே பாதிக் கதை இருந்தது. நிற்கும்போதும் நெரிசலிலும் மட்டும் சூடேறினால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். சுமையில் மட்டும் ஏறினால், ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), கூலன்ட் பற்றாக்குறை, அல்லது கூலன்டுக்குள் புகை புகுவது. என்னுடையது டீசல். டீசல் இன்ஜின் சும்மா ஓடும்போது உண்டாக்கும் சூடு குறைவு. அதனால் வீட்டு வாசலில் அரைமணி நேரம் ஓடவிட்டு ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு’ என்று முடிவு செய்வதில் அர்த்தம் இல்லை.

அப்புறம் ஒழுகலைத் தேடினேன். இரவு வண்டிக்கு அடியில் அட்டை விரித்தேன், காலையில் காய்ந்தே இருந்தது. பக்கத்து இருக்கையின் கால்மிதிக்கு அடியில் ஈரம் இல்லை, கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படியவில்லை, ஆக ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) தப்பித்தது. ஆயில் டிப்ஸ்டிக் சுத்தம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளுத்த பசையும் இல்லை, ஆக கூலன்ட் ஆயிலில் கலக்கவில்லை. கடைசியில் டார்ச் வெளிச்சத்தில் வாட்டர் பம்பின் கீழே ஒரு கோடு தென்பட்டது. இளஞ்சிவப்பில், உப்புப் பூத்தது மாதிரி. பம்பில் சீல் போனால் தண்ணீர் வெளிவரவென்றே ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து கசிந்தது சூடான இன்ஜின் மேலேயே காய்ந்துவிடுகிறது, அட்டைக்கு வந்து சேருவதே இல்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். திருடனைப் பிடித்துவிட்டேன்!

எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். டேங்க் வாயில் அழுத்தம் காட்டும் கைப்பம்ப்பை மாட்டி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே 1 பார் ஏற்றினார். இருபது நிமிடத்தில் 0.7-க்கு இறங்கியது, பம்பின் அடியில் ஒரு சொட்டு திரண்டது. என் இன்ஜினில் அந்தப் பம்பை ஓட்டுவது டைமிங் பெல்ட். அதனால் பெல்ட், டென்ஷனர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினோம். நான் ஊற்றிய குழாய்த் தண்ணீரையும் வடித்து, சுற்றைக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் கலந்த புதுக் கூலன்ட் நிரப்பினோம். முடித்துவிட்டு மறுபடியும் 1 பார் ஏற்றிப் பார்த்தார். அரைமணியில் 0.9. “அட, இந்த ரப்பர் கொஞ்சம் லூசு தம்பி, அதுல இறங்குது” என்றார். நானும் சரி என்றேன். இந்த முழுக் கதையிலும் நான் திரும்பப் போய் மாற்ற நினைக்கும் ஒரு நிமிடம் அதுதான். இறங்கக் கூடாத எண் இறங்குகிறது, இரண்டு பேரும் கண்ணால் பார்க்கிறோம், கருவியின் மேல் பழியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறோம்.

டேங்கின் பக்கவாட்டில் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தேன். தினமும் காலையில், இன்ஜினைத் தொடுவதற்கு முன் பார்ப்பேன். இரண்டு வாரம் ஊருக்குள்ளேயே ஓடியதில் கோடு அசையவில்லை. பிறகு ஒரு நீண்ட பயணம், நடுவில் மேடு. மறுநாள் காலை, அளவு கோட்டுக்கு இரண்டு விரல் கீழே. ஸ்டார்ட் செய்ததும் பின்னால் ஒரு நிமிடம் வெண்புகை. ஈரக்காலையில் எல்லா வண்டியும் விடுகிற ஆவி மாதிரி உடனே கலையவில்லை, லேசான தித்திப்பு வாடையோடு தரையை ஒட்டி நின்றது.

இந்தத் தடவை அண்ணன் நீல மருந்து டெஸ்டரை எடுத்தார். கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம். டேங்க் வாயில் மூடிக்குப் பதிலாக அதை வைத்து, உள்ளே இருக்கும் காற்றை ரப்பர் பல்பால் உறிஞ்சி அதன் வழியாக விடுவார்கள். கரியமில வாயு இருந்தால் நிறம் மாறும். பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகும், டீசலில் பெரும்பாலும் பச்சையோடு நின்றுவிடும். ஏனென்றால் டீசல் புகையில், அதுவும் சும்மா ஓடும்போது, மீந்த காற்றே அதிகம். எங்களுக்கும் சும்மா ஓடும்போது நிறம் மாறவில்லை. நிமிடத்துக்கு 2500 சுற்றில் சில நிமிடம் பிடித்தபோது நீலம் கலங்கி, பாசி நிறத்துக்குப் போனது.

அண்ணன் டெஸ்டரைக் கீழே வைத்தார். “ஹெட் கேஸ்கட் போச்சு தம்பி. இறக்கிட வேண்டியதுதான்.”

ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல் மூடி, கேஸ்கட் என்பது அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் தகடு. டீசலில் ஹெட்டை இறக்குவது சின்ன வேலை இல்லை. ஹெட் போல்ட்டுகளைப் பெரும்பாலும் புதிதாகத்தான் போட வேண்டும், முதலில் குறிப்பிட்ட முறுக்கு விசை (டார்க்) வைத்து, பிறகு டிகிரிக் கணக்கில் படிப்படியாக முறுக்க வேண்டும். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து கேஸ்கட்டின் தடிமனே மாறும். ஹெட் வளைந்திருந்தால் பல டீசல்களில் சீவிச் சமப்படுத்தவும் அனுமதி இல்லை. இதெல்லாம் தேவைப்பட்டால் செய்துதானே ஆக வேண்டும். ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. கேஸ்கட் போயிருந்தால், எரிகிற சிலிண்டரின் அழுத்தம், அதாவது 100 பாருக்கு மேல், நேராகக் கூலன்டுக்குள் அடிக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த இரண்டு மூன்று நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாகிவிடும். என் காரிலோ ஐந்து நிமிடம் கழித்தும் ஹோஸ் தொளதொளவென்றே இருந்தது.

இரவு உட்கார்ந்து யோசித்தேன். சிலிண்டரைத் தவிர, புகையும் கூலன்டும் ஒரு மெல்லிய உலோகத் தகட்டின் இரண்டு பக்கமும் ஓடுகிற இடம் வேறு எது? ஈ.ஜி.ஆர். கூலர். வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விட்டால் எரியும் சூடு குறையும், நைட்ரஜன் ஆக்சைடுகள் குறையும். அந்தப் புகையைக் குளிர வைத்து அனுப்புவதுதான் இந்தக் கூலரின் வேலை, குளிர வைப்பது நம் கூலன்ட். என் இன்ஜினில் புகையை, அதனால் சுழலும் டர்போவுக்கு முன்னாலேயே எடுக்கிறார்கள். மேடு ஏறும்போது அங்கே அழுத்தம் அதிகம், அப்போது விரிசல் வழியாகப் புகை தண்ணீருக்குள் புகும். சுற்றில் காற்றுக்குமிழி சேரும், சூடேறும். வண்டியை நிறுத்தினால் புகையின் அழுத்தம் பூஜ்யம், கூலன்டில் மட்டும் அழுத்தம் மிச்சம். இப்போது கூலன்ட் அதே விரிசல் வழியாக எதிர்ப்பக்கம் கசியும். காலையில் வெண்புகை. நீல மருந்துக்கோ, வந்த புகை சிலிண்டரிலிருந்தா கூலரிலிருந்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. ஊருக்குள் மெதுவாக ஓட்டியபோது கோடு அசையாததும் இதோடு ஒத்துப்போனது.

மறுநாள் இதைச் சொன்னபோது அண்ணன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “சரி, ஒரு நாள் தாரேன், பார்த்துடுவோம்” என்றார். கூலரின் புகைப்பக்கக் குழாயைக் கழற்றிவிட்டு, கைப்பம்ப்பில் 1 பார் ஏற்றி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டோம். இந்த முறை புது ரப்பர் வாங்கிப் போட்டிருந்தார்.

காலையில் முள் 0.4-ல் நின்றது. கூலரின் வாயில் டார்ச் அடித்தோம். உள்ளே இருக்க வேண்டியது காய்ந்த கரி, தொட்டால் பொடியாக உதிர வேண்டும். அண்ணன் விரலைவிட்டு எடுத்தார். விரல்நுனியில் கண்மை மாதிரி குழைந்து ஒட்டியிருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய்விட்டு என்னிடம் நீட்டினார். அதே தித்திப்பு வாடை.

இத்தோடும் அவர் விடவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. கூலருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்தார், புகைப்பக்கத்தைத் தகடு வைத்து அடைத்தார். இன்ஜின் லைட் எரிந்தது, எரியட்டும், இது சோதனைக்கு மட்டும்தான். மறுபடி 1 பார் ஏற்றினால் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. நீல மருந்தை வைத்து 2500-ல் பத்து நிமிடம் பிடித்தோம். நீலம் நீலமாகவே இருந்தது. கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் நம்பினோம்.

புதுக் கூலர் போட்ட பிறகு காற்று எடுக்கும் வேலை ஒரு பாடு. ஹீட்டரைத் திறந்து வைத்து, ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் கோடாக வரும்வரை மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே காற்று நின்று, சரியான வண்டியும் சூடேறும். டேங்க் மூடியையும் புதிதாக்கினோம். கூலர் இன்னும் பெரிதாக விரிந்திருந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் சேர்ந்து, ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்திருக்கும் என்று அண்ணன் சாவகாசமாகச் சொன்னார். நல்லவேளை, முதலிலேயே சொல்லவில்லை. கூலன்ட் குறைந்தபடியே இரண்டு மாதம் ஓட்டியதுதான் கூலரை முடித்ததோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. சுற்றிலேயே அதிகச் சூட்டைத் தாங்கும் இடங்களில் அது ஒன்று.

பழைய கூலரின் தண்ணீர்ப்பக்கத்தில் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் காற்றுக் குழாயைச் செருகி, வாளித் தண்ணீரில் முக்கினோம். சில நொடி ஒன்றும் இல்லை. பிறகு புகைப்பக்க வாயிலிருந்து, நூல் கோத்தது போல ஒரே வரிசையில், கடுகளவு குமிழிகள் மேலே வந்தன. “இதுக்காடா ஹெட்டை இறக்கப் பார்த்தோம்” என்று அண்ணன் வாளியைப் பார்த்துச் சொன்னார்.

அதே மலைப்பாதைக்கு அதே ஐந்து பேரோடு போனேன். ரீடரில் அதிகபட்சம் 99, ஃபேன் போட்டதும் 93. ஹீட்டரைத் திருப்பிப் பார்த்தேன், முகத்தில் அனலாக அடித்தது. பின்சீட்டில் இருந்தவர்கள் திட்டினார்கள். டேங்கில் ஒட்டிய டேப் இன்னும் இருக்கிறது. ஓரமெல்லாம் சுருண்டு, பேனாக் கோடு பாதி அழிந்துவிட்டது. காலையில் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன்.