தெத்தா ஓட்டுப் போட்ட ஞாயிற்றுக்கிழமை

போஸ்னியா ஹெர்சகோவினாவின் மோஸ்தர் ரயில் நிலையத்தில், தலைநகர் சரயேவோவுக்கு டிக்கெட் எடுக்க நூறு மார்க் நோட்டு ஒன்றை நீட்டினேன். வந்த மீதியில் இரண்டு இருபது மார்க் நோட்டுகள் இருந்தன. ஒரே நாட்டுப் பணம், ஒரே மதிப்பு. ஆனால் முகம் வேறு. ஒன்றில் 26 வயதிலேயே இறந்துபோன குரோவாட் கவிஞர் அந்துன் பிராங்கோ ஷிமிச். இன்னொன்றில் கண் பார்வை இல்லாத செர்பியப் பாணர் ஃபிலிப் விஷ்னியிச். முதல் நோட்டில் லத்தீன் எழுத்து முன்னால் வருகிறது, இரண்டாவதில் ரஷ்ய எழுத்து மாதிரியான சிரிலிக். பழைய அச்சு, புதிய அச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. இந்த நாட்டின் இரண்டு பாதிகளுக்காகவும் இரண்டு விதமாக அச்சடித்திருக்கிறார்கள். இரண்டுமே நாடு முழுக்கச் செல்லும். இருநூறு மார்க் நோட்டில் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக ஈவோ ஆண்ட்ரிச். நோட்டு எதை எடுத்தாலும் எழுத்தாளர்கள்தான். எனக்கு இந்த நாடு பிடித்துப்போக அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று 2022 அக்டோபர் 1, சனிக்கிழமை. மறுநாள் பொதுத்தேர்தல். அதற்காகவே விடுமுறையை அந்த வாரத்தில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். தேர்தல் நேரத்தில் ஜனங்கள் எதைப் பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்று பார்த்தால் ஓர் ஊர் கொஞ்சம் சீக்கிரம் பிடிபடும் என்பது என் அனுபவம்.

மோஸ்தரில் இரண்டு நாள் இருந்தேன். எல்லோரும் போவது அந்தப் பழைய பாலத்துக்குத்தான். போஸ்னியாக், குரோவாட், செர்ப் என்று மூன்று இனங்களும் மோதிக்கொண்ட 1992-95 போரில், 1993 நவம்பரில் குண்டு வீசித் தகர்த்து, 2004-இல் திரும்பக் கட்டிய பாலம். நானும் போனேன், வழவழத்த கல்லில் வழுக்காமல் ஏறி இறங்கினேன். ஆனால் மனசில் தங்கியது ஸ்பானியச் சதுக்கத்தில் நிற்கும் ஆரஞ்சு நிற உயர்நிலைப்பள்ளிதான். ஒரே கட்டடத்துக்குள் போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்) பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், குரோவாட் பிள்ளைகளுக்கு இன்னொன்று. இந்த நாட்டின் வேறு சில ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளிக்கூடங்கள், இரண்டு தலைமை ஆசிரியர்கள், சில இடங்களில் இரண்டு வாசல்கள். யாய்ட்செ என்ற ஊரில் பிள்ளைகளே தெருவில் இறங்கி, எங்களைப் பிரித்துப் புதிதாக இன்னொரு பள்ளி வேண்டாம் என்று போராடி, 2017-இல் அதைத் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். பெரியவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை.

இதே மோஸ்தரில் 2008-க்குப் பிறகு பன்னிரண்டு வருடம் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. தொகுதிகளை எப்படிப் பிரிப்பது என்று போஸ்னியாக் கட்சிக்கும் குரோவாட் கட்சிக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். இர்மா பரலியா என்ற ஆசிரியை ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2019-இல் ஜெயித்த பிறகுதான், 2020 டிசம்பரில் அந்த ஊர் ஜனங்கள் ஓட்டுப் பெட்டியைப் பார்த்தார்கள்.

ரயில் நெரெத்வா ஆற்றோடு போகிறது. தண்ணீர் அப்படி ஒரு பச்சை. மலை, சுரங்கம், மறுபடி ஆறு என்று இரண்டு மணி நேரம் கண்ணை எடுக்க முடியாது.

சரயேவோவில் பிஸ்த்ரிக் மேட்டில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை, அறுபது தாண்டியவர். பேர் சொல்லிக் கூப்பிடத் தயங்கினேன். "தெத்தான்னு கூப்பிடு, இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடும்" என்றார். அத்தை, பெரியம்மா, பக்கத்து வீட்டு அம்மா எல்லோருக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான். அப்புறம் அவர் எனக்குத் தெத்தாவாகவே ஆகிவிட்டார்.

வந்ததும் காப்பி. செம்புத் தட்டில் நீளக் கைப்பிடி வைத்த ஜெஸ்வா என்ற காப்பிப் பாத்திரம், பக்கத்தில் காது இல்லாத சின்னக் கிண்ணம், இரண்டு சர்க்கரைக் கட்டி, ஒரு துண்டு ரஹத் லோகும் மிட்டாய். சர்க்கரையைக் காப்பியில் போடக் கூடாதாம். ஓரத்தை மட்டும் நனைத்துக் கடித்துக்கொண்டு மேலே காப்பியை உறிஞ்ச வேண்டும். மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் கிண்ணத்தில் முதலில் எடுத்து வைத்துவிட்டு, பிறகுதான் மெல்ல ஊற்றினார். காப்பிக்கு உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "செர்ப் என்றால் காஃபா, குரோவாட் என்றால் காவா, போஸ்னிய அகராதியைத் திறந்தால் காஹ்வா. சரயேவோவில் பெரும்பாலும் காஃபாதான்" என்றார். மொழிக்கு என்ன பேர் என்றேன். "நாஷ் யெசிக்" என்றார். நம்ம மொழி என்று அர்த்தம். போஸ்னிய மொழி, செர்பிய மொழி, குரோவாட் மொழி என்று மூன்று பேர்களில் எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடுமாம். அதனால் நம்ம மொழி. கேட்க எவ்வளவு இதமாக இருந்தது!

மேசையில் அவருடைய சிகரெட் பெட்டி கிடந்தது. எச்சரிக்கை மூன்று மொழிகளில். 'புஷெனியே உபியா.' அடுத்த வரி, 'புஷெனியே உபியா.' மூன்றாவது வரியிலும் அதே சொற்கள்தான், சிரிலிக்கில். புகைத்தால் சாவு என்பதை ஒரே மாதிரி மூன்று தடவை சொல்லியிருக்கிறார்கள்.

தேர்தலுக்கு முந்தைய நாள் பிரச்சாரம் கூடாது. சுவரொட்டிகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தெத்தா ஒரு தாளை எடுத்து எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு வாத்தியார் அல்லவா, ஒவ்வொரு படியாகப் போனார்.

நாட்டில் இரண்டு பாதி. ஒன்று போஸ்னியாக்குகளும் குரோவாட்டுகளும் அதிகம் இருக்கும் கூட்டமைப்பு, இன்னொன்று செர்புகள் அதிகம் இருக்கும் ரெபுப்லிகா ஸ்ர்ப்ஸ்கா. கூட்டமைப்புக்குள் பத்து மாவட்ட அரசுகள். தனியாக பிர்ச்கோ என்ற தன்னாட்சிப் பகுதி. இதற்கெல்லாம் மேலே மத்திய அரசு. மொத்தம் 14 அரசாங்கம், சுமார் முப்பத்தைந்து லட்சம் பேருக்கு. நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவையில் 42 பேர். 28 பேர் கூட்டமைப்பிலிருந்து, 14 பேர் ஸ்ர்ப்ஸ்காவிலிருந்து. மேலவையில் 15 பேர், இனத்துக்கு ஐந்து. ஜனாதிபதி ஒருவர் இல்லை, மூவர். போஸ்னியாக் ஒருவர், குரோவாட் ஒருவர், செர்ப் ஒருவர். எட்டு மாதத்துக்கு ஒரு முறை தலைமை மாறும்.

இதெல்லாம் 1995-இல் அமெரிக்காவின் டெய்டனில் பேசி முடித்த சமாதான ஒப்பந்தத்திலிருந்து வந்தது. நாட்டின் அரசமைப்புச் சட்டமே அந்த ஒப்பந்தத்தின் நான்காவது இணைப்புதான். "அதைத் திட்டாதே" என்றார் தெத்தா. "அது துப்பாக்கியை நிறுத்தியது. போரில் இந்த ஊரை முற்றுகையிட்ட 1,425 நாளும் இந்த வீட்டில்தான் இருந்தேன். அதோ, அந்த மலையிலிருந்துதான் சுட்டார்கள். சண்டை நின்ற அன்றைக்கு யார் எதை எழுதிக் கொடுத்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் இருபத்தேழு வருடம் ஆகிவிட்டதே."

பிறகு தாளின் ஓரத்தில் ஒரு சொல்லை எழுதி வட்டம் போட்டார். 'ஓஸ்தாலி.' மற்றவர்கள் என்று அர்த்தம். அரசமைப்பில் உள்ள சொல். மூன்று இனங்களில் எதிலும் தன்னைச் சேர்த்துக்கொள்ளாத எல்லோரும் மற்றவர்கள்தான். யூதர், ரோமா எனும் ஜிப்ஸி இனத்தவர், அப்புறம் தெத்தா.

அவருடைய அப்பா முஸ்லிம், அம்மா செர்ப். 1991 கணக்கெடுப்பில் யூகோஸ்லாவியர் என்று எழுதினாராம். அன்றைக்கு யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதியாக இருந்த இந்தக் குடியரசில் நூற்றுக்கு ஐந்தரைப் பேர் அப்படி எழுதியிருந்தார்கள். அந்த நாடே போய்விட்டது. 2013 கணக்கெடுப்பில் "நான் இந்த நாட்டுக்காரி" என்று எழுதினார். அதை 'மற்றவர்கள்' கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

மற்றவர்கள் ஓட்டுப் போடலாம். ஆனால் ஜனாதிபதி பதவிக்கு நிற்க முடியாது, மேலவைக்கும் போக முடியாது. இன்னொரு பூட்டும் உண்டு. ஸ்ர்ப்ஸ்காவில் வாழும் போஸ்னியாக்கும் ஜனாதிபதி பதவிக்கு நிற்க முடியாது, சரயேவோவில் வாழும் செர்பும் முடியாது. யாகோப் ஃபின்ட்சி என்ற யூதரும் தெர்வோ செய்திச் என்ற ரோமாவும் இதை எதிர்த்து ஸ்ட்ராஸ்பர்க் போனார்கள். 2009 டிசம்பர் 22-இல் இது பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. ஃபின்ட்சி யார் தெரியுமா? முற்றுகையின்போது இன மத பேதம் பார்க்காமல் பசித்தவனுக்குச் சோறும் நோயாளிக்கு மருந்தும் கொடுத்த லா பெனெவொலென்சியா சங்கத்தைத் தலைமையேற்று நடத்தியவர். அந்த மனிதர் தன் நாட்டின் ஜனாதிபதி பதவிக்கு வேட்புமனு கொடுக்க முடியாது. அப்போது தீர்ப்பு வந்து பதின்மூன்று வருடம் ஆகவிருந்தது, சட்டம் மாறவில்லை. வெளியூர்க்காரனான எனக்கே அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே வாக்குச்சாவடி திறந்துவிட்டது. தெத்தா நல்ல கோட்டுப் போட்டு, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு கிளம்பினார். கூடவே இறங்கினேன். பக்கத்துப் பள்ளிக்கூடம்தான் சாவடி. நான் வாசலோடு நின்றுகொண்டேன். வயதானவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார்கள். இளைஞர்கள் ரொம்பக் குறைவு. தெத்தாவின் மகனே ஜெர்மனியில் இருக்கிறான், ஓட்டைத் தபாலில் அனுப்பியிருந்தான்.

திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. நான்கு சீட்டுகளாம். ஜனாதிபதிக்கு ஒன்று, மத்திய நாடாளுமன்றத்துக்கு ஒன்று, கூட்டமைப்பு அவைக்கு ஒன்று, மாவட்டச் சபைக்கு ஒன்று. மற்றச் சீட்டுகளில் கட்சியும் ஆட்களுமாக நெருக்கியடித்து அச்சிட்டிருந்ததாம், கண்ணாடி போட்டும் தேட வேண்டியிருந்ததாம். ஜனாதிபதிச் சீட்டில் ஐந்தே பேர். மூன்று போஸ்னியாக், இரண்டு குரோவாட். ஐவரில் ஒருவருக்குத்தான் ஓட்டு. ஆக, மூன்று ஜனாதிபதிகளில் ஒருவரைத்தான் அவர் தேர்ந்தெடுக்க முடியும். செர்ப் உறுப்பினரைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. அவர் அம்மா செர்ப்.

"யாருக்குப் போட்டீங்க தெத்தா?" என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நேரே பழைய கடைவீதியான பாஷ்சார்ஷியாவுக்குப் போய் ஆளுக்குப் பத்து செவாப்பி என்ற சுட்ட இறைச்சித் துண்டுகள், நறுக்கின வெங்காயத்தோடு, சூடான சோமுன் ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டோம். ஓட்டுப் போட்ட அன்று வீட்டில் சமைப்பதில்லையாம், அது அவர் வழக்கம்.

ராத்திரி ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்தது. கொஞ்ச நேரத்திலேயே தொலைக்காட்சியில் கிறிஸ்டியன் ஷ்மிட் வந்தார். சமாதான ஒப்பந்தத்தைக் கண்காணிக்க உலக நாடுகள் வைத்திருக்கும் உயர் பிரதிநிதி, ஜெர்மானியர். தேர்தல் சட்டத்தையும் கூட்டமைப்பின் அரசமைப்பையும் மாற்றுவதாக அறிவித்தார். கூட்டமைப்பின் மேலவை 58 இடத்திலிருந்து 80 ஆகிறது. அரசாங்கம் அமையாமல் முடங்கிக்கிடப்பதைத் தீர்க்கத்தான் என்று அவர் தரப்பு சொன்னது. காரணம் நியாயமாகவே இருக்கட்டும். ஜனங்கள் ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய நேரத்தில், அந்த ஓட்டிலிருந்து அவை அமையும் விதியை ஒரே ஆள் கையெழுத்தில் மாற்றுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தெத்தா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார்.

நள்ளிரவு வாக்கில் எண்ணிக்கை தெளிந்தது. போஸ்னியாக் இடத்துக்குப் பதினோரு கட்சிகள் சேர்ந்து நிறுத்திய சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் டெனிஸ் பெச்சிரோவிச், போர்க்கால ஜனாதிபதியின் மகன் பாகிர் இசெத்பெகோவிச்சை நன்றாகவே தோற்கடித்தார். குரோவாட் இடத்துக்கு ஷெல்கோ கோம்ஷிச் நான்காவது முறையாக. அவரைப் போஸ்னியாக் ஓட்டுகள்தான் ஜெயிக்கவைக்கின்றன என்று குரோவாட் கட்சிகளுக்கு நெடுநாள் கோபம். செர்ப் இடத்துக்கு ஷெல்கா ஸ்வியானோவிச், அந்த மூவர் அவைக்கு வந்த முதல் பெண். தெருவில் கார் ஹார்ன் சத்தம் கேட்டது. "நாற்பது வயசுக்காரங்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரும், நல்லதுதான்" என்றார் தெத்தா.

திங்கள்கிழமை நான் செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்குப் போக வேண்டும். அந்தப் பேருந்துகள் சரயேவோ நிலையத்தைவிட, ஸ்ர்ப்ஸ்கா எல்லைக்கு அந்தப் பக்கம் லுகாவிட்சாவிலிருந்துதான் அதிகம். 103-ஆம் எண் டிராலி பஸ்ஸில் கடைசி நிறுத்தமான தோப்ரின்யா வரை தெத்தாவும் கூட வந்தார். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடை. ஒரு வேலி இல்லை, காவல் இல்லை. பேர்ப்பலகையில் எழுத்து சிரிலிக்காக மாறுகிறது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் அதே ஞாயிற்றுக்கிழமை வேறு சீட்டில் வேறு பேர்களுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அங்கே ஸ்ர்ப்ஸ்கா தலைவர் பதவிக்கு மிலோராட் டோடிக்கும் யெலேனா திரிவிச்சும் ஆளுக்கு ஆள் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்னால் மறு எண்ணிக்கை வைத்து டோடிக்தான் என்று முடிவானது.

பேருந்து நிலையத்தில் தெத்தா இரண்டு காப்பி வாங்கினார். காஃபா என்றுதான் கேட்டார். கடைக்காரப் பெண்ணும் காஃபா என்றே திருப்பிச் சொல்லிவிட்டு, "எங்கேர்ந்து வர்றீங்க தெத்தா?" என்று கேட்டாள். இவர் பிஸ்த்ரிக் என்றார். அவளுடைய பாட்டி பிஸ்த்ரிக்கில் பிறந்தவளாம். எந்தத் தெரு, எந்த வீடு என்று இரண்டு பேரும் நம்ம மொழியில் பேசத் தொடங்கினார்கள். என் பேருந்து வந்து, பையை வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கும்போதும் தெத்தா கையை நீட்டி நீட்டி ஏதோ ஒரு சந்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.