ரொமான்ஸ் மரபுகளை ஒரே ஒரு கதையை வைத்துப் படித்தேன்

எம்.ஏ. முதல் செமஸ்டர் இன்டர்னலில், ‘இடைக்கால ரொமான்ஸின் மரபுகளை விளக்குக’ என்று பத்து மார்க் கேள்வி. ரொமான்ஸ் என்றால் இங்கே நைட் எனப்படும் குதிரை வீரர்களின் சாகசக் கதை. நோட்ஸில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்தேன்: வீரம், காதல், மாயம், பயணம், விசுவாசம். நான்கு மார்க் வந்தது. ஓரத்தில் மேடம் சிவப்பு மையில், “எந்தக் கதையில்?” என்று கேட்டிருந்தார்.

அன்று இரவே ‘சர் கவெய்ன் அண்ட் தி கிரீன் நைட்’ கவிதையின் இன்றைய ஆங்கில வடிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்டது, 2530 வரிகள். நீங்களும் இதிலிருந்தே தொடங்குங்கள்.

புத்தாண்டு விருந்து நடக்கும்போது ஆர்தர் அரசனின் அவைக்குள் பச்சை நிற மனிதன் ஒருவன் பச்சைக் குதிரையில் நுழைகிறான். என்னை ஒரு வெட்டு வெட்டு, ஓராண்டும் ஒரு நாளும் கழித்து அதே வெட்டை என்னிடம் வாங்கிக்கொள் என்கிறான். ஆர்தரின் நைட்டுகளில் ஒருவனான கவெய்ன் வெட்டுகிறான். விழுந்த தன் தலையைக் கையில் தூக்கிக்கொண்டு பச்சை மனிதன் போய்விடுகிறான். விருந்து, சவால், வாக்கு என்று மூன்று மரபுகள் இந்த ஒரு காட்சியிலேயே வந்துவிடுகின்றன.

ஆனால் நான் அதிக நேரம் செலவழித்தது, அந்த வெட்டை வாங்கப் போகும் வழியில் கவெய்ன் தங்கும் கோட்டையில் நடக்கும் மூன்று நாட்களில். வேட்டையில் எனக்குக் கிடைப்பது உனக்கு, வீட்டில் உனக்குக் கிடைப்பது எனக்கு என்பது கோட்டைத் தலைவன் போடும் ஒப்பந்தம். நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் வேட்டையையும் வலப்பக்கம் படுக்கையறையையும் எழுதினேன். மான், காட்டுப்பன்றி, நரி. எதிரே ஒரு முத்தம், இரண்டு, மூன்று. கவெய்னைத் தேடி வருவது அந்தத் தலைவனின் மனைவி. பெண்ணின் மனம் நோகப் பேசக்கூடாது என்பது நைட்டின் பண்பு. உப்பிட்டவனுக்குத் துரோகம் செய்யக்கூடாது என்பதும் அதே நைட்டின் பண்பு. இரண்டும் முட்டிக்கொள்ளும்போது அவன் படும் பாடுதான் கதையே. முத்தங்களை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தவன், உயிர் காக்கும் என்று அவள் தந்த பச்சைக் கச்சையை மட்டும் மறைத்துவிடுகிறான். கடைசியில் பச்சை மனிதனின் கோடரி கவெய்னை நோக்கி மூன்று முறை ஓங்கப்படுகிறது. முதல் இரண்டும் அவன்மேல் படவில்லை. மூன்றாவது கழுத்தைக் கீறுகிறது. கோட்டைத் தலைவன்தான் அந்தப் பச்சை மனிதன்; அந்தக் கீறல் மறைத்த கச்சைக்காக! இதை எழுதும்போது ‘விசுவாசம்’ என்ற சொல்லுக்குத் தனி விளக்கமே தேவைப்படவில்லை.

சரி, அடுத்து இரண்டு சொற்களில் கவனமாக இருங்கள். ரொமான்ஸ் என்றதும் நமக்குக் காதல்தான் நினைவுக்கு வரும். பழைய பிரெஞ்சில் அந்தச் சொல் லத்தீனில் அல்லாமல் மக்கள் பேசிய மொழியில் எழுதியதைக் குறித்தது. ‘கோர்ட்லி லவ்’, அதாவது நைட் ஒருவன் உயர்குலப் பெண்ணுக்குப் பணிந்து காதலிக்கும் மரபு, என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் காஸ்தோன் பாரிஸ் என்ற பிரெஞ்சு அறிஞர், 1883இல். அதை 12ஆம் நூற்றாண்டுக் கவிஞர்கள் வைத்த பெயர் போல எழுதாதீர்கள்.

காதல் மரபுக்கு, 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் க்ரெத்தியன் த த்ருவா எழுதிய லான்சலாட் என்ற நைட்டின் கதையில் ஓர் இடம் போதும். குற்றவாளிகளை ஏற்றும் வண்டியில் ஏறினால்தான், கடத்தப்பட்ட அவன் காதலி, ஆர்தரின் அரசி குவினவீர் இருக்குமிடம் தெரியும். மானத்தை நினைத்து லான்சலாட் இரண்டே அடி தயங்குகிறான், பிறகு ஏறிவிடுகிறான். அவ்வளவு பாடுபட்டு அவளைக் கண்டபோது அவள் முகம்கொடுத்துப் பேசவில்லை. காரணம் அந்த இரண்டு அடி. செமஸ்டர் தேர்வில் என் பதிலை இந்த இரண்டு அடியில்தான் தொடங்கினேன்.