வாட்டில் நிழலில் கன்று எண்ணிய கதை

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது நான் கொடுத்த தலைப்பு ‘பழனி மலைகளின் பல்லுயிர் வளமும் பாதுகாப்பும்’. நெறியாளர் படித்துவிட்டு, “இதை முடிக்க மூணு ஜென்மம் வேணும்மா” என்றார்.

இரண்டு மாதம் அறையில் உட்கார்ந்து தலைப்பைச் சுருக்கிப் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. கேள்வி கிடைத்தது கொடைக்கானலுக்குப் பக்கத்து வட்டக்கானல் போகும் வழியில். வாட்டில் என்பது தோட்டமாக நட்டு வளர்த்த ஆஸ்திரேலிய அகேசியா மரம். மழைக்கு ஒதுங்கிய வாட்டில் தோப்புக்குள் குனிந்து பார்த்தால், காலடியில் சோலை மரங்களின் கன்றுகள். சோலை என்றால் இந்த மலைக்கே உரிய இயற்கைக் காடு. அதுவரை வாட்டில் என்றாலே வெட்டித் தள்ள வேண்டிய அந்நிய மரம் என்றுதான் படித்திருந்தேன். அதிலும் நியாயம் உண்டு. 1973க்கும் 2014க்கும் இடையில் இந்த மலையின் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மரங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பழைய தோப்புக்குள் சோலை திரும்பி வருகிறது என்றால், எதை வெட்டுவது, எதை விட்டுவைப்பது? அவ்வளவு பெரிய கேள்வியில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். சோலை ஓரத்திலிருந்து தள்ளிப் போகப் போக, வாட்டிலுக்கு அடியில் சோலைக் கன்றுகள் குறைகின்றனவா? ஒரே வரிக் கேள்வி, மூன்று வருடத்தைத் தின்றது.

நீங்களும் காட்டில் ஆய்வு செய்யப் போவதானால், அனுமதிக்கு முதல் நாளே எழுதிப் போடுங்கள். கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. சுமார் 609 சதுர கிலோமீட்டர் என்பதால் நீங்கள் நினைக்கும் காடு அநேகமாக அதற்குள்தான் வரும். 1972ஆம் வருடச் சட்டப்படி உள்ளே போய் ஆராய்ச்சி செய்ய மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். என் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது, தப்பு என்னுடையது. இடம் என்ற கட்டத்தில் ‘பழனி மலை’ என்று மட்டும் எழுதியிருந்தேன். எந்தச் சரகம், எத்தனை நாள், இலை பறிப்பீர்களா, எவ்வளவு, கூட யார் வருவார்கள் என்று எல்லாம் எழுதித் திரும்ப அனுப்பினேன்.

காத்திருந்த மாதங்களில் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடத்தில், போய் உட்கார்ந்தேன். பழனி மலைச் செடிகளைப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. தாளில் ஒட்டியிருப்பது பூவும் காயுமாக இருக்கும், காட்டில் கிடைப்பதோ நாலு இலை விட்ட கன்று. ஒரே மரத்தின் கன்றும் முதிர்ந்த மரமும் இலையில் அண்ணன் தம்பி மாதிரிகூட இருக்காது.

இந்தச் சிக்கலில்தான் இந்த மலையின் பழங்குடியான பளியர் பெரியவர் ஒருவர் கை கொடுத்தார். இலையைக் கசக்கி மோந்து பார்ப்பார், பட்டையை நகத்தால் கீறுவார், பெயர் வந்துவிடும். நானும் சும்மா இல்லை, அவர் சொன்னதையே குழப்பிக்கொண்டேன். “இது காட்டுப் பூவரசு, பாப்பா” என்று அவர் சொன்னதும் எங்கள் ஊர்க் குளக்கரைப் பூவரசை நினைத்துக்கொண்டு அந்த அறிவியல் பெயரையே குறித்துவிட்டேன். அவர் காட்டியது புல்வெளி ஓரத்தில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான். ஒரு மாதக் குறிப்பைத் திருத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நோட்டில் அவர் சொன்ன பெயருக்குத் தனிக் கட்டம் போட்டேன்.

இனி என் பெரிய சறுக்கல். முதல் வருடம் கன்றுகளை எண்ணுவதற்குத் தரையில் முப்பது சதுரங்கள் போட்டேன், ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து மீட்டர். அத்தனையும் ஒரே தோப்பில், சாலையிலிருந்து பத்து நிமிட நடையில்! கணக்குப் போடும்போது புள்ளியியல் தெரிந்த நண்பர் கேட்டார்: “இது முப்பது இடமா, ஒரே இடத்தை முப்பது தடவை அளந்ததா?” இரண்டாவதுதான். அந்தத் தோப்பின் வயது, சரிவு, ஈரம் எல்லாம் முப்பதுக்கும் பொது. எவ்வளவு எண்ணினாலும் அந்த ஒரு தோப்பைத் தாண்டி எதுவும் சொல்ல முடியாது. திரும்பவும் ஏழு தோப்புகளைத் தேடி, தோப்புக்கு நாலைந்து சதுரமாகப் பரப்பினேன். முன்னோட்டமாக நாலு சதுரம் போட்டதும் புள்ளியியல் ஆளிடம் காட்டியிருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். பேனா வேண்டாம், பென்சில்தான். ஈரத்தில் மை ஓடிவிடும். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் பத்தடியில் நிற்கும் காட்டுமாடு தெரியாது, அதனால் காலை ஏழுக்குத் தொடங்கி ஒரு மணிக்கு ஏறிவிடுவோம். அட்டை கடிக்காமலிருக்கப் புகையிலைத் தண்ணீரில் நனைத்த காலுறை. அக்டோபர், நவம்பரில் வேலை நடக்காது, அந்த இரண்டு மாதத்தை எழுதுவதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

வாய்மொழித் தேர்வு முடிந்ததும் பைண்டு செய்த ஆய்வேட்டோடு பெரியவர் வீட்டுக்குப் போனேன். ஆங்கிலத்தில் இருந்ததைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நான் சொன்ன பேரெல்லாம் இதுல எங்க இருக்கு?” என்றார். பின்னிணைப்பைத் திறந்து, அவர் பெயர்களைத் தமிழில் போட்ட பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்றாவது பெயரிலேயே நிறுத்தச் சொன்னார். எழுத்து தப்பாம்.