பந்தைத் திரும்பப் போட்டு எடுக்கும் நிகழ்தகவுக் கணக்குகள்: மதிப்பெண் எங்கே போகிறது?

பையிலிருந்து பந்து எடுக்கும் கணக்குகளில் மதிப்பெண் போவது சூத்திரம் தெரியாததால் அல்ல. எடுத்த பந்து மறுபடி பைக்குள் போகிறதா என்று பார்க்காமலே மாணவர்கள் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். 'திரும்ப வைத்து' என்ற சொற்களை வினாவில் கண்டதும் அடிக்கோடிடுங்கள். 'ஒரே நேரத்தில் இரண்டு பந்துகள்' என்றிருந்தால் அது திரும்ப வைக்காத கணக்கு.

ஒரு பையில் 5 சிவப்பு, 3 நீலப் பந்துகள். ஒன்றை எடுத்து நிறத்தைக் குறித்து, திரும்பப் போட்டுக் குலுக்கி, மறுபடி எடுக்கிறோம். இரண்டாம் முறையும் பையில் அதே 8 பந்துகள்தான். முதலில் எது வந்தாலும் அடுத்ததன் நிகழ்தகவு மாறாது. ஆகவே இவை சார்பிலா நிகழ்ச்சிகள்; நேராகப் பெருக்கலாம். இரண்டும் சிவப்பு: 5/8 × 5/8 = 25/64.

இங்கே பலர் பழக்கதோஷத்தில் சேர்வுச் சூத்திரத்தை (வரிசை பாராமல் தேர்ந்தெடுக்கும் வழிகளை எண்ணுவது) போடுகிறார்கள். 5இல் 2 எடுக்க 10 வழி, 8இல் 2 எடுக்க 28 வழி, விடை 5/14. அது திரும்ப வைக்காதபோது வரும் 5/8 × 4/7தான். ஒரே பந்து இருமுறை வரலாம் என்பதைச் சேர்வு கணக்கில் எடுப்பதில்லை. விடையும் பார்க்க நம்பும்படி இருப்பதால் தவறு கண்ணில் படாது.

அடுத்த இடறல் 'ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்'. 5/8 × 3/8 = 15/64 என்று நிறுத்திவிடக் கூடாது; அது முதலில் சிவப்பு, பிறகு நீலம் என்ற வரிசைக்கு மட்டும். நீலம் முதலில் வருவதற்கும் இன்னொரு 15/64 உண்டு. கூட்டினால் 30/64. வினாவே 'முதலாவது சிவப்பு, இரண்டாவது நீலம்' என்று வரிசையைச் சொன்னால் 15/64தான் விடை.

உடனே சுருக்காதீர்கள். இரண்டும் நீலம் 9/64. பகுதியை 64 ஆகவே வைத்திருந்தால் 25 + 30 + 9 = 64 என்று ஒரே வரியில் சரிபார்க்கலாம். சரிபார்த்த பிறகு 30/64ஐ 15/32 ஆக்குங்கள்.

'குறைந்தது ஒன்று' என்று வந்தால் எதிர்ப்பக்கமாகப் போங்கள். மூன்று முறை எடுத்து, குறைந்தது ஒரு நீலமாவது வர வேண்டுமென்றால் மூன்றும் சிவப்பாக வருவதை 1இலிருந்து கழித்தால் போதும்: 1 − 125/512 = 387/512. நேர்வழியில் போனால் ஏழு வரிசைகளைத் தனித்தனியே கூட்ட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் விடை தவறிவிடும்.