பேச்சுவார்த்தைக் கோப்பின் முதல் தாள்

நாடுகளுக்கிடையிலான பேச்சுவார்த்தைக் கோப்புகளை எல்லை, வணிகம், நதிநீர் என்று பொருள்வாரியாகப் பிரிப்பது அலுவலக வழக்கம். காப்பறையில் தேடி எடுக்க அது போதும். மேசையில் உட்காரப் போகிறவருக்கு எதிர்த்தரப்பின் நோக்கம்தான் வேண்டும். அந்த நோக்கம் ஐந்து வகை: நீட்டிப்பு (இருக்கும் ஒப்பந்தத்தைத் தொடர்வது), இயல்புநிலை மீட்பு (சண்டையை நிறுத்துவது), மறுபங்கீடு (ஒருவரிடமிருந்து இன்னொருவர் பெறுவது), புதிய ஏற்பாடு (இருவருக்கும் பயன்தரும் புதிதொன்றை உருவாக்குவது), பக்கவிளைவு (உடன்பாட்டைத் தவிர வேறு லாபம் தேடுவது). உடன்பாடு எட்டாவிட்டால் யாருக்கு என்ன நட்டம் என்பது ஒவ்வொன்றிலும் வேறு.

நீட்டிப்பில் காலாவதித் தேதியே பெரிய ஆயுதம். பிலிப்பைன்ஸில் அமெரிக்கத் தளங்களுக்கான 1947 ஒப்பந்தம் 1991 செப்டம்பரில் முடிய இருந்தது. அவற்றுள் ஒன்றான சூபிக் கடற்படைத் தளத்தைத் தொடர அனுமதிக்கும் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகியும், பிலிப்பைன்ஸ் செனட் 12-11 என்று நிராகரித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கர்கள் வெளியேறினார்கள். மேசைக்கு வராத செனட்டர்களையும் கணக்கில் எடுக்காத கோப்பு அரைக்கோப்புதான்.

இயல்புநிலை மீட்புக்கு கொரியப் போர் நல்ல உதாரணம். 1951 ஜூலையில் போர்நிறுத்தப் பேச்சு தொடங்கியும், 1953 ஜூலை 27இல்தான் உடன்பாடு கையெழுத்தானது. கைதிகளை அவர்கள் விருப்பத்துக்கு மாறாகத் திருப்பி அனுப்பலாமா என்ற ஒரே விஷயத்தில் மாதக்கணக்கில் நின்றது. அதுவரை சண்டையும் நிற்கவில்லை.

பக்கவிளைவுக்காக வருகிறவர்களுக்கு உடன்பாடே தேவையில்லை. பிரச்சாரம், உளவறிதல், காலங்கடத்தல் இவற்றில் ஏதோ ஒன்று போதும். வரைவு வாசகம் வராது, உரை மட்டும் பத்திரிகைகளுக்கு முதலில் போய்விடும். ஆனால் தலைநகரிலிருந்து உத்தரவு வராமல் தவிக்கும் குழுவும் இப்படித்தான் தெரியும். அவசரப்பட்டு முத்திரை குத்தக்கூடாது.

உண்மையான சிக்கல், நோக்கம் நடுவழியில் மாறுவது. இந்தியா-பாகிஸ்தான் சிந்து நதிப் பேச்சு 1952இல் உலக வங்கி முன்னிலையில் தொடங்கியபோது, இரு நாட்டுப் பொறியாளர்களும் சேர்ந்து படுகை முழுவதற்கும் ஒரே திட்டம் தீட்டுவதாக எண்ணம். புதிய ஏற்பாடு என்ற வகை. 1953இல் வந்தவையோ தனித்தனித் திட்டங்கள். இந்தியா தனக்கு 2.9 கோடி ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஒரு ஏக்கர் அடி), பாகிஸ்தானுக்கு 9 கோடி என்றது. பாகிஸ்தான் இந்தியாவுக்கு 1.55 கோடி, தனக்கு 10.25 கோடி என்றது. அப்போதே அது மறுபங்கீடாகிவிட்டது. 1954 பிப்ரவரியில் வங்கி நீரைப் பங்கிடுவதை விட்டு நதிகளையே பிரித்தது: கிழக்கு மூன்று இந்தியாவுக்கு, மேற்கு மூன்று பாகிஸ்தானுக்கு.

அதனால் முதல் தாளில் இரு தரப்புக்கும் தனித்தனிப் பத்தி போட்டு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வகையைத் தேதியோடு திருத்த வேண்டும். 1954இலும் ‘புதிய ஏற்பாடு’ என்றே விட்டுவைத்த தாளில், கிழக்கு நதிகளை இழக்கும் பாகிஸ்தான் கால்வாய்களுக்கு மாற்று நீர் கொண்டுவரும் செலவு யாருடையது என்ற கேள்விக்கு இடமே இருந்திருக்காது. 1960 உடன்படிக்கையில் அந்தக் கேள்விக்காக இந்தியா ஏற்ற தொகை 6.2 கோடி பவுண்டுக்கும் சற்று மேல், பத்து ஆண்டுத் தவணையில்.