93க்கு 3
நேற்றுச் சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் தே குடிக்கும்போது அந்தப் பழைய பேச்சு மறுபடி வந்தது. "377ஏ சட்டப்பிரிவை நீக்கும் விஷயத்தில் பாட்டாளிக் கட்சி நழுவிவிட்டது" என்றார் மாமா. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய அந்தப் பிரிவு 1938இல் காலனி அரசு கொண்டுவந்தது. 2022 நவம்பரில் நாடாளுமன்றம் அதை நீக்கியது; 93 பேர் ஆதரித்தார்கள், 3 பேர் எதிர்த்தார்கள். ஆளும் மக்கள் செயல் கட்சி, கட்சி முடிவுப்படியே வாக்களிக்க வேண்டும் என்ற கொறடா உத்தரவைத் தளர்த்தவில்லை. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி தளர்த்தியது. அந்தக் கட்சியை அப்போது வழிநடத்திய பிரித்தம் சிங் நீக்கத்தை ஆதரித்தார். அவருடைய கட்சியின் ஜெரால்ட் கியாமும் டெனிஸ் டானும் எதிர்த்து வாக்களித்தார்கள்.

2020இல் 10 இடங்களை வென்ற கட்சி அது. அதற்கு ஓட்டுப் போட்டவர்களில் தேவாலயம் போகிறவர்கள், பள்ளிவாசல் போகிறவர்கள், அந்தச் சட்டத்துக்குப் பயந்தே வளர்ந்த பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள் எல்லாரும் இருப்பார்கள். யாரை விட்டுக்கொடுப்பது? சரி, ஓட்டுக் கணக்கும் இருந்திருக்கலாம். ஆனாலும் உள்ளே இருந்த கருத்து வேறுபாட்டை மறைக்காமல் சபையில் வைத்தார்களே, அதை நான் மதிக்கிறேன்.

அப்புறம், வாக்கெடுப்பு நடந்த அன்று இரவு என் நண்பன் போனில் அழுதான். சந்தோஷத்தில்தான். அவனுக்காகவாவது கட்சி முழுவதும் ஒன்றாக நின்றிருக்கக் கூடாதா என்று அன்று ஏங்கினேன். இன்றும் அந்த ஏக்கம் போகவில்லை.