ஜேர்மனியில் பிள்ளைக்குப் பல் கம்பி: எந்தக் காசு திரும்பி வரும், எது வராது

பிள்ளையின் பல்லுக்குக் கம்பி வேண்டும் என்று பல் வைத்தியர் சொன்னதும் எல்லோரும் கேட்பது, "கிராங்கன்காசே கட்டுமா?" என்றுதான். கிராங்கன்காசே என்பது மருத்துவக் காப்புறுதி நிறுவனம், சுருக்கமாகக் காசே. அரச காப்புறுதியில் இருக்கும் பிள்ளைக்கு விடை மில்லிமீற்றர் கணக்கில் இருக்கிறது. 2002 முதல் பற்களின் கோணலை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். கா-ஈ-கே என்பார்கள். 3, 4, 5 என்றால் காசே கட்டும். 1, 2 என்றால் ஒரு சதமும் இல்லை. பல் எவ்வளவு அசிங்கமாகத் தெரிகிறது, பிள்ளை சிரிக்க வெட்கப்படுகிறதா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

அளவுகளைத் தெரிந்துகொண்டு போனால் வைத்தியர் சொல்வது உடனே விளங்கும். மேல் முன்பல் கீழ்ப் பல்லைத் தாண்டி முன்னே நிற்கும் தூரம் 6 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் 4, 9க்கு மேல் போனால் 5. சரியாக 6 என்றால் அது 2தான், காசே கட்டாது. கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் நின்றால் 4 அல்லது 5. கடித்தபிறகும் முன்பற்கள் தொடாமல் 2 மில்லிமீற்றருக்கு மேல் வெளி தெரிந்தால் 3. பற்கள் இடமில்லாமல் நெருங்கி, பக்கத்துப் பல்லோடு சேராமல் 3 மில்லிமீற்றருக்கு மேல் முன்பின்னாக வரிசை விலகி நின்றால் 3, 5க்கு மேல் என்றால் 4. பக்கப் பற்கள் ஒரு பக்கம் மட்டும் குறுக்காகக் கடித்தால் 4, இரண்டு பக்கமும் என்றால் 3. இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் ஒரு பக்கக் குறுக்குக் கடியில் தாடை கோணி வளரக்கூடும் என்பதால் அதற்குத்தான் தரம் கூட. வேட்டைப்பல் எலும்புக்குள்ளேயே சிக்கி வெளியே வராமல் நின்றாலோ, நிரந்தரப் பல் ஒன்று பிறவியிலேயே இல்லாமல் இருந்தாலோ தரம் 4க்குக் குறையாது. இவை இரண்டும் எக்ஸ்ரேயில்தான் தெரியும். வாயைப் பார்த்துவிட்டு மட்டும் "இதெல்லாம் 2தான்" என்று சொன்னால் படம் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

2 என்று சொன்னவுடன் தனியார் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க அவசரப்பட வேண்டாம். சிகிச்சை தொடங்கும் நேரத்து அளவுதான் கணக்கு. பிள்ளை வளர வளர அளவும் மாறும், இன்றைக்கு 2 ஆக இருப்பது அடுத்த வருடம் 3 ஆகலாம். இன்னொரு கீஃபர்ஒர்தோபேடேயிடம் (பல் கம்பி நிபுணரிடம்) அளந்து பார்க்கவும் உரிமை உண்டு. அரை மில்லிமீற்றரில் முடிவு மாறும் பிள்ளைகளுக்கு இது பெரிய வித்தியாசம்.

வயதும் முக்கியம். வழக்கமாகப் பால்பற்களின் கடைசிக் கூட்டம் விழும் காலத்தில், ஒன்பது பத்து வயதளவில் தொடங்குவார்கள். அதற்கு முன் காசே கட்டுவது உதடு அண்ணப் பிளவு, கீழ்த்தாடை முன்தள்ளல் போன்ற கடுமையான நிலைகளுக்குத்தான். மறுபக்கம், 18 வயது நிறைவதற்கு முன் சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கிவிட்டால் 18 தாண்டியும் முடிவுவரை கட்டுவார்கள். 17 வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் வைத்தியரிடம் தவணை எடுப்பதை நாளைக்குத் தள்ளாதீர்கள். 18க்கு மேல் தொடங்கினால், தாடை அறுவைச் சிகிச்சையும் சேர்ந்தே தேவைப்படும் கடுமையான தாடைக் குறைக்கு மட்டுமே கட்டுவார்கள்.

தரம் 3 அல்லது அதற்கு மேல் என்றால் வைத்தியர் அச்சும் எக்ஸ்ரேயும் எடுத்து, சிகிச்சைத் திட்டம் எழுதிக் காசேக்கு அனுப்புவார். இப்போது இது மின்னணு வழியிலேயே போகிறது, நீங்கள் தபாலில் எதுவும் அனுப்பத் தேவையில்லை. காசே 3 வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். நிபுணர் ஒருவரிடம் கருத்துக் கேட்டால் 6 வாரம். மறுத்துக் கடிதம் வந்தால் எதிர்ப்பு எழுத ஒரு மாதம் இருக்கிறது. இரண்டு வரி போதும்: முடிவை ஏற்கவில்லை, காரணம் பின்னர் தருகிறேன். திகதி தவறாமல் போய்ச் சேருவதுதான் முக்கியம், காரணத்தை வைத்தியருடன் பேசிப் பிறகு அனுப்பலாம்.

பல வீடுகளில் குழப்பம் வருவது காசு கட்டும் இடத்தில். இரண்டு விதமான காசு இருக்கிறது. இரண்டும் ஒரே வைத்தியரிடமிருந்து, சிலவேளை ஒரே உறைக்குள் வரும்.

முதலாவது, 20 வீதம். காசே 80 வீதத்தை நேரடியாகக் கட்டும், மிச்ச 20 வீதத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களுக்கு றெக்னுங் (கட்டணச் சீட்டு) வரும். அந்தக் காலாண்டுச் செலவு 200 யூரோ என்று வைத்துக்கொண்டால் நீங்கள் கட்டுவது 40. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் சிகிச்சை நடந்தால் இரண்டாவது பிள்ளைக்கும் அதற்கு அடுத்தவர்களுக்கும் 10 வீதம்தான். பல் பிடுங்குவதற்கும் எக்ஸ்ரேக்கும் இந்தப் பங்கு கிடையாது. இந்த 20 வீதம் வைப்புப் பணம் மாதிரி: சிகிச்சை ஒழுங்காக முடிந்தால் முழுவதும் திரும்பி வரும்.

இரண்டாவது, கூடுதல் சேவைகள். பல் நிறத்துச் செராமிக் பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் துண்டு), சின்ன அளவு பிராக்கெட், வெப்பத்துக்கு நெகிழும் கம்பி, பல்லைச் சுற்றிப் பூசும் பாதுகாப்புப் பூச்சு, கடைசியில் உள்பக்கம் ஒட்டும் நிலைக் கம்பி. இவை பெரும்பாலும் உங்கள் கையிலிருந்து போகும், திரும்பி வராது. இது நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரம் யூரோவையும் தாண்டும்.

சாதாரண உருக்குப் பிராக்கெட்டும் சாதாரணக் கம்பியும் காசேயின் செலவிலேயே கிடைக்கும், பல்லை நேராக்கவும் அவை போதும். காசே அங்கீகாரத்துடன் வேலை செய்யும் எந்த வைத்தியரும், கூடுதல் காசு கட்டினால்தான் சிகிச்சை என்று சொல்ல முடியாது. 2019 மே மாதம் முதல் சட்டம் இன்னும் தெளிவு: கூடுதல் சேவைக்கு முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், கூடுதல் காசு இல்லாத வழி எது என்று விளக்கினார்கள் என்பதற்கும் உங்கள் கையொப்பம் வேண்டும். நல்ல பொருளைத் தெரிந்தெடுத்தாலும் நீங்கள் கட்ட வேண்டியது வித்தியாசத்தை மட்டும், காசே கட்டும் பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்தத் தாளை அங்கேயே நின்று கையெழுத்து வைக்காமல் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். நம் வீடுகளில் டொச் (ஜேர்மன் மொழி) நன்றாகத் தெரிந்தது பெரும்பாலும் கம்பி போடப்போகிற அந்தப் பிள்ளைக்குத்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒப்பந்தத்தை மொழிபெயர்த்து, தானே செராமிக்கையும் ஆசைப்படுகிற நிலை நியாயமானதல்ல. வேறொரு பெரியவரிடம் காட்டுங்கள், அல்லது காசேக்குத் தொலைபேசி எடுத்து ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். "இது இல்லாமல் சிகிச்சை நடக்குமா?" என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு வரிக்கும் கேட்டால் தாள் பாதியாகக் குறையும். உண்மையில் பயன் தரும் வரியும் இருக்கலாம், நிலைக் கம்பி அப்படி ஒன்று. கட்டத்தான் முடிவென்றால் தவணையாகக் கட்டக் கேட்கலாம். அந்த வருட வரிக் கணக்கில் மருத்துவச் செலவாகக் காட்டலாம், ஆனால் உங்கள் வருமானத்துக்கேற்ற ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பலன். திரும்பி வரப்போகும் 20 வீதத்தை அதில் சேர்க்கக்கூடாது.

தனிப் பல் காப்புறுதி எடுத்துச் சமாளிக்கலாம் என்பவர்கள், வைத்தியர் "கம்பி வேண்டும்" என்று பதிவுசெய்வதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். பதிவான பிறகு எடுத்தால் அந்தச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் கட்டமாட்டார்கள்.

20 வீதத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் இடையில் நின்றுபோனவர்கள். பிராக்கெட் அடிக்கடி கழன்று விழுகிறது, தவணைக்குப் போகவில்லை, பல் துலக்காமல் முரசு வீங்குகிறது. வைத்தியர் முதலில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார், பிறகு சிகிச்சையை நிறுத்துவதாகக் காசேக்கு எழுதுவார். அதோடு கட்டிய பங்கு போச்சு. கோடை விடுமுறையில் ஆறு வாரம் யாழ்ப்பாணம் போகிறீர்கள் என்றால் புறப்படுமுன் ஒரு தவணையும் வந்தவுடன் ஒரு தவணையும் எடுத்து வையுங்கள், கம்பி குத்தினால் ஒட்ட மெழுகும் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு நகரத்துக்கு வீடு மாறினால் வைத்தியரை மாற்றுமுன் காசேக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொரு தவறு, பிராக்கெட் கழற்றிய நாளோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பது. அதற்குப் பிறகு பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க இரவில் போடும் தட்டும் சிகிச்சையின் பகுதிதான். அதைக் கண்ணாடி அலமாரியில் போட்டுவிட்டுக் கட்டுப்பாட்டுத் தவணைக்குப் போகாமல் விட்டால் முடிவுச் சான்றிதழ் வராது. சான்றிதழ் இல்லாமல் காசே திருப்பித் தராது. மூன்று நான்கு வருடம் கழித்து அந்தத் தாள் கைக்கு வரும் நாளில், முதல் நாள் தொடங்கி வந்த 20 வீத றெக்னுங்குகள் அனைத்தும் ஒரு கோப்பில் இருக்க வேண்டும். சான்றிதழ், றெக்னுங்குகள், வங்கிக் கணக்கின் ஐபான் இலக்கம் மூன்றையும் சேர்த்துக் காசேக்கு அனுப்புங்கள். அனுப்புமுன் ஒவ்வொரு தாளையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.